வர்த்தக ஒப்பந்தம் நம்முடைய பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கே கை வைக்கிறது? மலையகத்தில் புதிதாக எழுதுபவர், பதிவு செய்பவர், படியெடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன் பக்கம் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் முழுப் புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். சில இடங்களில், "முழுசா அடிக்க ஏலாது, அது சர்வதேசச் சட்டம்" என்பார்கள். பல இடங்களில் ஒரு பேச்சும் இல்லாமல் அடித்து, ஸ்பைரலும் போட்டுக் கொடுப்பார்கள். முதலாமவர் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியைப் புரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கவிதைத் தொகுப்பு போட இருப்பவர், தோட்டப் பாட்டைப் பதிந்து யூடியூப்பில் ஏற்றுபவர், டியூஷனுக்குக் குறிப்பு அடிப்பவர், பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து சேர்ப்பவர் என்று இப்போதுதான் இந்தப் பக்கம் வருகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் எந்த வரியைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழகினால் போதும்: இதை வெளிநாட்டு ஒப்பந்தம் கேட்டதா, இல்லை நம் பாராளுமன்றம் தானாகக் கொடுத்ததா? ஒப்பந்தம் கேட்டதை நாம் மட்டும் நினைத்து மாற்ற முடியாது. நாமே கொடுத்ததைப் பற்றித் தாராளமாக வாதாடலாம்.

முதல் வேலை: காகிதங்களைப் பிரித்து வையுங்கள்

சட்டமும் ஒப்பந்தமுமாகக் காகிதம் நான்கு வகை. முதலாவது, பழையது, பேர்ன் சமவாயம்: எழுத்தையும் கலைப் படைப்பையும் காக்கும் சர்வதேச ஒப்பந்தம். 1886இல் உருவானது, இலங்கை 1959 ஜூலை 20ஆம் திகதியிலிருந்து அதில் உறுப்பினர். எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடும், எங்கேயும் பதிய வேண்டியதில்லை என்ற விதி இதிலிருந்து வருவது. ஆகவே கவிதைப் புத்தகத்துக்குப் பதிப்புரிமை "எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வர்த்தகக் குறியையும் கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமையையும் (பேட்டன்ட்) பதியும். பதிப்புரிமைக்கு அப்படிப் பதிவு தேவையில்லை.

பேர்னுக்கு ஒரு குறை இருந்தது. மீறும் நாட்டைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று எழுதியிருந்தார்களே தவிர, யாரும் இழுக்கவில்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் சினிமா, இசை, மென்பொருள், மருந்துக் கம்பனிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய அழுத்தத்தில்தான், உலக வர்த்தக அமைப்பை உருவாக்கும் உடன்படிக்கை 1994இல் கையெழுத்தானபோது, இரண்டாவது காகிதமான, டிரிப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புலமைச் சொத்து ஒப்பந்தம் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டது. பேர்னின் முதல் 21 உறுப்புரைகளையும் டிரிப்ஸ் அப்படியே எடுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் கட்டாயப் பட்டியலில் சேர்க்கவில்லை: எழுதியவர் பெயரைப் போட வேண்டும், படைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற தார்மீக உரிமை. அமெரிக்காவுக்கு அதில் விருப்பமில்லை. நம் சட்டத்தின் 10ஆம் பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. ஒருவருடைய கவிதையைப் பெயரில்லாமல் முகநூலில் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டிரிப்ஸ் கொண்டுவந்த பெரிய மாற்றம் தண்டனைதான். உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் ஒரு நாடு தோற்றும் சட்டத்தைத் திருத்தாவிட்டால், வென்ற நாடு அனுமதி பெற்று, தோற்ற நாட்டின் வேறு பொருட்கள் மீது பதிலடி வரி போடலாம். அதாவது பாட்டு சிடி விஷயத்தில் நாம் தோற்றால், அடி தேயிலைப் பெட்டி மீது விழலாம். நுவரெலியா மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது, இரு நாட்டு ஒப்பந்தங்கள். உலக வர்த்தக அமைப்பு பிறப்பதற்கு முன்பே, 1991இல், புலமைச் சொத்துப் பாதுகாப்பு பற்றி அமெரிக்காவோடு இலங்கை ஓர் ஒப்பந்தம் செய்தது. இது பலருக்குத் தெரியாது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தம் பொருட்களைப் பற்றியது. 2018 ஜனவரியில் கையெழுத்தாகி அதே ஆண்டு மே 1இல் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் புலமைச் சொத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் ஏற்றுமதி வரிச் சலுகைக்கும் பதிப்புரிமைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 2010இல் இழந்து 2017இல் திரும்பப் பெற்ற அந்தச் சலுகை, 27 சர்வதேசச் சமவாயங்களோடு கட்டப்பட்டது. அவை மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றியவை. பேர்ன் அதில் இல்லை.

நான்காவதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும் காகிதம்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இது 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. வளர்முக நாடுகள் டிரிப்ஸுக்கு ஏற்பத் தம் சட்டத்தை மாற்ற 2000 ஜனவரி 1 வரை அவகாசம் இருந்தது. நாம் 2003 நவம்பரில்தான் முடித்தோம்.

ஒப்பந்தம் தானாகச் சட்டமாகாது

வெளிநாட்டில் அமைச்சர் கையெழுத்துப் போட்டதும் ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் அது செல்லுபடியாகிவிடாது. பாராளுமன்றம் சட்டம் இயற்றியாக வேண்டும். 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு மனித உரிமை வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. ஆகவே ஒப்பந்தத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு கதவு இருக்கிறது. அங்கே குடிமக்கள் தலையிடலாம், தலையிட்டும் இருக்கிறார்கள்.

2003இல் புலமைச் சொத்துச் சட்டமூலம் வந்தபோது சிலர் அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். சிக்கல் பதிப்புரிமையில் வரவில்லை, மருந்து ஆக்கவுரிமையில் வந்தது. ஏழை நாடுகள் மலிவான மருந்தை வேறிடத்திலிருந்து இறக்கவும், அவசியமானால் கட்டாய உரிமம் (உரிமையாளர் சம்மதமில்லாமலே பிறர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுக்கவும் டிரிப்ஸ் இடம் விட்டிருந்தது. உலக வர்த்தக அமைப்பின் 2001 தோஹா பிரகடனமும் அதை உறுதிசெய்திருந்தது. அந்த இடத்தை நம் சட்டமூலம் பயன்படுத்தவில்லை. வசதி வேறான நாடுகளை ஒரே மாதிரி நடத்துவது அரசியலமைப்பின் சமத்துவ உறுப்புரைக்கு மாறானது என்று நீதிமன்றம் கண்டது. டிரிப்ஸ் கேட்காத அளவுக்கு நம்மவர்களே இறுக்கி எழுதப் போனார்கள். என் கணக்கில், நம் சட்ட வரலாற்றில் புதியவர் முதலில் படிக்க வேண்டிய சம்பவம் இது.

ஆண்டுக் கணக்கு

டிரிப்ஸ் கேட்பது எழுதியவரின் ஆயுளும் அதன் பின் 50 ஆண்டும். 1979 சட்டம் அதையே வைத்திருந்தது. 2003 சட்டத்தின் 13ஆம் பிரிவு அதை 70 ஆக்கியது. அந்த மேலதிக 20 ஆண்டை டிரிப்ஸ் கேட்கவில்லை. ஐரோப்பா 1993இலும் அமெரிக்கா 1998இலும் 70க்குப் போயிருந்தன, நாமும் போனோம். இந்தியா 60இலேயே நிற்கிறது; அதற்காக அதை யாரும் உலக வர்த்தக அமைப்பிலிருந்து வெளியேற்றவில்லை.

இரண்டு பேரை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரை முதலில் தொழிற்சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யர் 1947இல் காலமானார். 50 ஆண்டுக் கணக்கில் அவர் எழுத்து 1997 முடிவில் விடுபட்டது, 70 ஆண்டுக் கணக்கில் 2017 முடிவில். எப்படிப் பார்த்தாலும் இன்று யாரும் மறுபதிப்புப் போடலாம். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1984இல் காலமானார். பழைய சட்டமாக இருந்தால் 2034 முடிவோடு சரி. இன்றைய சட்டத்தில் 2054 முடிவு வரை காத்திருக்க வேண்டும், அல்லது உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

கணக்கைக் காகிதத்தில் இப்படிப் போடுங்கள்: இறந்த ஆண்டு, அதோடு 70, அந்த ஆண்டின் டிசம்பர் 31. கூட்டாக எழுதியது என்றால் கடைசியாக இறந்தவரின் ஆண்டு. புனைபெயரில் வந்து ஆசிரியர் யாரென்றே தெரியாவிட்டால், முதல் வெளியீட்டிலிருந்து 70. தோட்டத்துச் சங்க மலர்களில் இந்தக் கடைசி வகை நிறைய. மலரை ஸ்கேன் செய்யும்போது முன்னட்டையையும் அச்சகப் பெயருள்ள பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டு அங்கேதான் இருக்கும், வேறெங்கும் கிடைக்காது.

தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்கள் வேறு கதை. அங்கே அரசே பணம் கொடுத்து உரிமையை வாங்கித் திறந்துவிட்டது. அது தவிர்ந்த இந்திய நூல்களுக்கு இங்கே 70 என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

போட்டோ கொப்பிக் கடைக்குத் திரும்புவோம்

விதிவிலக்குகளுக்கு டிரிப்ஸின் 13ஆம் உறுப்புரை மூன்று சோதனை வைக்கிறது: விதிவிலக்கு குறிப்பிட்ட சில சந்தர்ப்பங்களுக்கு மட்டும் இருக்க வேண்டும், படைப்பின் வழமையான விற்பனையோடு மோதக் கூடாது, உரிமையாளரின் நியாயமான நலனுக்கு அளவுக்கு மீறிய பாதிப்பு வரக் கூடாது. அவ்வளவுதான். எத்தனை பக்கம், எத்தனை பிரதி என்று அதில் ஒரு சொல் இல்லை. அதை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக்கொள்கிறது.

நம் சட்டத்தில் 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு எல்லாம் அதில் வரும். வகுப்பறைக்குப் பல பிரதி எடுப்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அளவுகோல் நான்கு: என்ன நோக்கம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தீர்கள், சந்தையில் என்ன பாதிப்பு. இது அமெரிக்கச் சட்டத்தின் சாயல்.

12ஆம் பிரிவு இன்னும் நுணுக்கம். சட்டபூர்வமான ஒரு பிரதியிலிருந்து சொந்தத் தேவைக்காக ஒரு பிரதி எடுக்கலாம். ஆனால் புத்தகம் முழுவதையும், அல்லது அதன் பெரும்பகுதியை, போட்டோ கொப்பி எடுப்பது இந்தச் சலுகைக்குள் வராது. கடைக்காரர் சொன்ன "முழுசா ஏலாது" இங்கிருந்து வருகிறது. ஆகவே அது இலங்கைச் சட்டம். ஏலாது என்பது சரி, சர்வதேசம் என்பது பிழை.

கற்பித்தலுக்கு அதே பிரிவு கட்டுரைகளையும் நூலின் சிறு பகுதிகளையும் நேரடி வகுப்புக்குப் படியெடுக்க விடுகிறது. ஆனால் அந்த நிறுவனம் நேரடியாகவோ மறைமுகமாகவோ இலாபத்துக்கு நடப்பதாக இருக்கக் கூடாது. தோட்டப் பாடசாலை ஆசிரியர் சாதாரண தர மாணவருக்கு ஓர் அத்தியாயத்தில் நான்கு பக்கம் அடிக்கலாம். அதே ஆசிரியர் பின்னேரம் டவுனில் காசு வாங்கி நடத்தும் டியூஷன் வகுப்புக்கு இந்தச் சலுகையைப் பிடித்துக்கொள்ள முடியாது. 11ஆம் பிரிவில்தான் தப்ப வேண்டும், காசு வாங்கும் வகுப்புக்கு அது அவ்வளவு உறுதியான பிடி இல்லை. டியூஷன் குறிப்பை உங்கள் சொந்த வசனத்திலேயே எழுதுங்கள். கருத்துக்கும் அன்றாடச் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, சட்டங்கள் போன்ற அரச சட்ட வாசகங்களுக்கும் இல்லை. இவற்றை 8ஆம் பிரிவு வெளியே நிறுத்திவிட்டது.

இப்போது பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துப் போட்டோ கொப்பிக் கடை ஒன்று, பல நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துப் பாடத்தொகுப்பாக அடித்து விற்றது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் உட்பட மூன்று பெரிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. கற்பித்தலின் போக்கில் நடக்கும் படியெடுப்பை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது என்று டெல்லி மேல் நீதிமன்றம் 2016இல் தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இந்தியாவும் டிரிப்ஸில் இருக்கிறது, நாமும் இருக்கிறோம். ஒரே ஒப்பந்தத்தின் கீழ் அங்கே அந்தக் கடை பிழைத்தது, இங்கே 12ஆம் பிரிவின் வசனமே இறுக்கமாக இருக்கிறது. பேராதனையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது மாற வேண்டும் என்று நினைப்பவர்கள், உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவைக் குறை சொல்லாமல் தியவன்னாக் கரையிலுள்ள நம் பாராளுமன்றத்தைப் பார்க்கட்டும்.

பெரிய நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சிறு உணவகங்களும் கடைகளும் கட்டணமில்லாமல் வானொலிப் பாட்டை வாடிக்கையாளருக்குக் கேட்கவிட 1998இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அயர்லாந்து இசைக் கலைஞர்களின் முறைப்பாட்டில் ஐரோப்பா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, 2000இல் வென்றது. அமெரிக்கா மூன்று ஆண்டுகளுக்கு என 33 இலட்சம் டொலர் கட்டியது. சட்டத்தை மட்டும் மாற்றவில்லை, அது இன்றும் அப்படியே இருக்கிறது. நம்மைப் போன்ற நாட்டுக்கு இந்த வசதி கிடையாது.

தோட்டப் பாட்டு யாருடையது?

பலருக்குக் கால் இடறும் இடம் இது. கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டு, காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் எல்லாம் எழுதியவர் பெயர் தெரியாதவை. "யாருடையதும் இல்லை, எடுத்துப் போடலாம்" என்று நினைக்கத் தோன்றும். நம் சட்டம் அப்படி விடவில்லை. 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. வியாபாரத்துக்காகவோ, மரபான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதானால் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். அச்சில் போடும்போது எந்தச் சமூகத்தின், எந்த இடத்தின் கலை என்று குறிப்பிடவும் வேண்டும். டிரிப்ஸில் நாட்டார் கலை பற்றி ஒரு வரியும் இல்லை. இது முழுக்க முழுக்க நம் பாராளுமன்றம் கொடுத்தது, எனக்குப் பிடித்த பிரிவும் இதுதான்.

ஆனால் பதிவுக்குப் போகும்போது இன்னோர் உரிமையும் குறுக்கே வரும். பொகவந்தலாவைப் பக்கம் லயத்து முற்றத்தில் ஓர் ஆச்சி தாலாட்டுப் பாடுகிறார், நீங்கள் போனில் பதிகிறீர்கள் என்று வையுங்கள். பாட்டு சமூகத்துடையது. பாடிய விதம் அந்த ஆச்சியுடையது. பாடுபவருக்கு 50 ஆண்டு உரிமை என்பதை டிரிப்ஸின் 14ஆம் உறுப்புரையே கேட்கிறது, நம் சட்டத்திலும் உண்டு. அதனால் பதிவுக்கு முன்னால் கேளுங்கள்: "ஆச்சி, இதை எல்லாரும் பாக்கிற மாதிரி போடப் போறேன், காசு வந்தா உங்களுக்கு இவ்வளவு. சம்மதமா?" அவர் சரி என்று சொல்வதையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள். எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது. பாட்டை ஒருவர் தொகுத்து, முன்னுரை எழுதி, மொழிபெயர்த்திருந்தால், அந்தத் தொகுப்பும் முன்னுரையும் மொழிபெயர்ப்பும் அவருடையவை. பாட்டை ஆச்சி வாயிலிருந்து எடுங்கள், அச்சுப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

தண்டனை

வேண்டுமென்றே, வியாபார அளவில் திருட்டுப் பிரதி அடித்தால் குற்றவியல் தண்டனை இருக்க வேண்டும் என்பது டிரிப்ஸின் 61ஆம் உறுப்புரை. நம் 178ஆம் பிரிவில் "வேண்டுமென்றே" இருக்கிறது, "வியாபார அளவு" இல்லை. முதல் தடவை 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மறு தடவை இரட்டிப்பு. கம்பியூட்டர் மென்பொருளை இலக்கியப் படைப்பாகப் பாதுகாக்கச் சொன்னதும் டிரிப்ஸ்தான். டவுனில் வகுப்பு நடத்துபவர்கள் திருட்டு விண்டோஸ் போட்ட கணினிகளை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இலவச மென்பொருள் இருக்கும்போது அந்த ஆபத்து வீண்.

புதிய ஒப்பந்தம் வருகிறது என்று செய்தி வந்தால்

பேச்சு எப்போதும் வரியைப் பற்றியே இருக்கும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா நமக்கு 44% வரி அறிவித்து, ஓகஸ்டில் அது 20% ஆனபோது ஊரெல்லாம் தைத்த ஆடையையும் தேயிலையையும் பற்றித்தான் கதை. பதிப்புரிமை வாசகங்கள் இப்படிப்பட்ட பேரங்களின் பின்பக்கங்களில்தான் வரும். மற்ற நாடுகளில் நடந்ததைப் பாருங்கள். அவுஸ்திரேலியா 50இலிருந்து 70க்குப் போனது 2005இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஒப்பந்தத்தோடு. கனடா 2022 டிசம்பர் 30இல் 70க்குப் போனதும் அமெரிக்கா, மெக்சிகோவோடு செய்த ஒப்பந்தத்தால். நியூசிலாந்து ஐரோப்பாவுக்கு அதே வாக்கைக் கொடுத்திருக்கிறது. மூன்று நாட்டிலும் ஆட்டிறைச்சி, பால்மா, கார் பற்றிப் பேசும் மேசையில்தான் எழுத்தாளரின் ஆண்டுக் கணக்கும் முடிவானது.

ஒப்பந்த வாசகம் கையில் கிடைத்தால் முழுவதையும் படிக்க உட்காராதீர்கள். புலமைச் சொத்து அத்தியாயத்தைத் திறந்து இவற்றை மட்டும் தேடுங்கள்: 50, 70 போன்ற ஆண்டு எண்கள், படியெடுப்பைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டு பற்றிய விதி (டிரிப்ஸில் அது இல்லை, பின்னால் வந்த ஒப்பந்தங்களில்தான் உண்டு), குற்றவியல் தண்டனைக்கான எல்லை, விதிவிலக்குகளைக் குறுக்கும் சொற்கள். பிறகு ஒவ்வொன்றையும் 2003 சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே இருப்பதைத் திருப்பிச் சொன்னால் பெரிய பயம் இல்லை என்று தோன்றும், அது முழுக்கச் சரியில்லை. இன்று பாராளுமன்றம் நினைத்தால் 70ஐ 50 ஆக்கலாம். ஒப்பந்தத்தில் 70 என்று எழுதிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொருட்களுக்கான வரிச் சலுகையை ஒரு நாட்டுக்கு மட்டும் கொடுக்க முடியும். பதிப்புரிமையில் முடியாது. டிரிப்ஸின் 4ஆம் உறுப்புரைப்படி ஒரு நாட்டவருக்குக் கொடுத்த மேலதிகப் பாதுகாப்பை உலக வர்த்தக அமைப்பின் எல்லா நாட்டவருக்கும் கொடுக்க வேண்டும். ஒரு கையெழுத்து 160க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போய்ச் சேரும்.

பேச்சு நடக்கும்போதே விவரம் கேட்க நினைப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தம் செய்வது பற்றிய முடிவை உரிய நேரத்துக்கு முன் வெளியிடுவது நாட்டின் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு என்றால் மறுக்கலாம் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் வரைவை நேரடியாகக் கேட்காதீர்கள், மறுப்பு வர வழி உண்டு. "இந்தப் பேச்சுவார்த்தையில் புலமைச் சொத்து ஒரு தலைப்பாக இருக்கிறதா? அதன் பொறுப்பு எந்த அலுவலகத்திடம்? நூலகங்கள், பாடசாலைகளின் கருத்துக் கேட்கப்பட்டதா?" என்று வர்த்தகத் திணைக்களத்துக்கு எழுதுங்கள். இப்படிப்பட்ட கேள்விகளை அந்தப் பிரிவைக் காட்டி மறுப்பது கஷ்டம்.

கையெழுத்தான பிறகு சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தால் சட்டமூலம் வர்த்தமானியில் தமிழிலும் வரும். அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. 2003இல் போட்டவர்கள் அப்படித்தான் போட்டார்கள். அதற்கான காலம் மிகக் குறுகியது. வர்த்தமானியைப் பார்க்க ஒருவரை முன்கூட்டியே பொறுப்பாக்கி வையுங்கள், ஒரு சட்டத்தரணியிடமும் சொல்லி வையுங்கள்.